இரண்டு அறைகள், ஒரே சீட்டு

பொன்மலை ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் பில்லியர்ட்ஸ் மேசையைத் தாண்டினால் உள்ளே ஓர் அறை. உயர்ந்த கூரை, நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள், பச்சைக் கம்பளித் துணி விரித்த சதுர மேசைகள், மேசைக்கு நான்கு நாற்காலிகள். சுவரை ஒட்டி ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள்தான் கோப்பைகள் இருந்தன. இரண்டு காது வைத்தவை, மூடி போட்டவை, கறுத்த மரப்பீடத்தின் மேல் நிமிர்ந்து நிற்பவை. பீடத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளித் தகடுகள் அறைந்திருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஓர் ஆண்டு, அதன் கீழே நான்கு பெயர்கள். பழைய தகடுகளில் வெள்ளைக்காரர் பெயர்கள், அடுத்து ஆங்கிலோ-இந்தியர் பெயர்கள், அதற்கும் அப்புறம் எங்கள் தெருக்காரர்களின் பெயர்கள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க நான் பழகியது அந்தத் தகடுகளில்தான்.

பொங்கல் கழிந்த கையோடு இன்ஸ்டிடியூட்டில் பிரிட்ஜ் போட்டி நடக்கும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன் தாத்தா அலமாரியைத் திறந்து கோப்பைகளை வராந்தாவில் வரிசையாக வைப்பார். வெள்ளிக்கு விபூதி, பித்தளைக்குப் புளி. கிழிந்த வேட்டித் துணியில் விபூதியைத் தொட்டு நாங்கள் பிள்ளைகள் தேய்ப்போம். கறுப்பு விலகி உள்ளிருந்து வெளுப்பு வரும்போது தகட்டிலுள்ள பெயர்களும் துலங்கி வரும். “பேரு அழியாம மெதுவா தேயி பாப்பா. அந்தப் பேருக்காகத்தான் இத்தனை ஆட்டமும்” என்பார் தாத்தா. எல்லாம் சுழற்கோப்பைகள். ஜெயித்தவர் வீட்டில் ஒரு வருஷம் இருந்துவிட்டு அலமாரிக்குத் திரும்பிவிடும். பெயர் மட்டும் தகட்டில் தங்கும்.

அப்பா பட்டறையில் சார்ஜ்மேன். சங்கு ஊதியதும் வீட்டுக்கு வந்து, குளித்து, டிகிரி காப்பியைக் குடித்துவிட்டு சைக்கிளை எடுப்பார். முன்கம்பியில் நான். இன்ஸ்டிடியூட் வாசலில் இறக்கிவிடும்போது தவறாமல் ஒன்று சொல்வார்: “பாக்கலாம், பேசக்கூடாது.” ஆடுகிறவர் தோளுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சீட்டை மட்டும் பார்க்கலாம். அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்க்கக் கூடாது. முகத்தில் சந்தோஷமோ வருத்தமோ தெரியக் கூடாது. கையில் ராணி இருப்பதைக் கண்டு நான் சிரித்துவிட்டால் எதிர் மேசைக்காரர் அதைப் படித்துவிடுவார். நாலு பேர் அப்படி ஒரு மௌனத்தில் குனிந்திருப்பதை நான் அதுவரை கோயிலில்கூடப் பார்த்ததில்லை.

சீட்டு என்ற சொல்லே எங்கள் வீட்டில் ஆகாது. பாட்டியின் தம்பி ஒருவர் காசு வைத்து ஆடி நஞ்சை நிலத்தை இழந்தவர். அந்தக் கதையைப் பாட்டி சொல்லி முடிக்கும்போது சமையலறையில் அம்மாவின் முகமும் இறுகிவிடும். கோடை விடுமுறையில் நாங்கள் திண்ணையில் இருபத்தெட்டு ஆடினால்கூடக் கட்டைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவிடுவாள் பாட்டி. அப்பா எதிர்த்துப் பேசமாட்டார். “நீ ஒரு நாள் வந்து பாரு” என்று அம்மாவிடம் மட்டும் சொல்வார். காசே புழங்காத ஒரு சீட்டாட்டம் உண்டு என்பதை அம்மாவால் நம்ப முடியவில்லை.

எனக்கு அந்த ஆட்டத்தை விளக்கியவர் டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு மாமா. கோடு போட்டுப் பழகிய கை. எதைச் சொன்னாலும் காகிதத்தில் வரைந்துதான் சொல்வார். “ஐம்பத்திரண்டு சீட்டு. ஆளுக்குப் பதிமூணு. ஒரு ஆளுக்கு வரக்கூடிய பதிமூணு சீட்டுச் சேர்க்கை எத்தனை வகை தெரியுமா?” என்று கேட்டு, 635,013,559,600 என்று எழுதிக் காட்டினார். அறுபத்து மூவாயிரத்து ஐந்நூறு கோடிக்கும் மேலே. “இதுல உனக்கு எது வருதுங்கறது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கான் பாரு, அதுதான் இந்த ஆட்டத்தோட அழகு.”

அந்த வழிதான் டூப்ளிகேட். அணிக்கு நான்கு பேர். இரண்டு பேர் ஓர் அறையில் வடக்கு-தெற்காக உட்காருவார்கள். அதே அணியின் மற்ற இரண்டு பேர் அடுத்த அறையில் கிழக்கு-மேற்காக. முதல் அறையில் ஆடி முடித்த சீட்டுகளைக் கலைக்க மாட்டார்கள். விழுந்த சீட்டை மேசை நடுவே வீசுவதும் கிடையாது. அவரவர் முன்னாலேயே கவிழ்த்து வைப்பார்கள். அந்தச் சுற்றை வென்று பிடி நமக்கு வந்திருந்தால் நெட்டாக, எதிரிக்குப் போயிருந்தால் குறுக்காக. கை முடிந்ததும் பதிமூன்றையும் எடுத்து, நான்கு பை வைத்த தட்டையான போர்டில் அவரவர் திசைக்குரிய பையில் செருகுவார்கள். போர்டு அடுத்த அறைக்குப் போகும். அங்கே அதே சீட்டை எதிரணிக்காரர் எடுத்து ஆடுவார். எனக்கு மட்டமான சீட்டு வந்ததென்றால் அடுத்த அறையில் என் எதிரிக்கும் அதே மட்டமான சீட்டுதான். இரண்டு அறைக் கணக்கையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைப் புள்ளியாக்கினால் மிஞ்சுவது மூளை மட்டும்தான். போர்டைத் தூக்கிக்கொண்டு அறைக்கும் அறைக்கும் நடப்பது என் வேலையாயிற்று. ஒரு சீட்டுகூட நழுவாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவேன்.

மாமாவிடம் ஒரு பழைய பேரேடு இருந்தது. கணக்கு எழுத வேண்டிய பக்கங்களில் செய்தித்தாளின் பிரிட்ஜ் பத்திகளை வெட்டி ஒட்டியிருப்பார். லண்டனில் இருந்த அவருடைய உறவினர் ஒருவர் அவ்வப்போது அனுப்பும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளின் பக்கங்களும் அதில் இருக்கும். உலகத்தின் பெரிய கோப்பைகளெல்லாம் எனக்குப் பழக்கமானது அந்தப் பேரேட்டில்தான். அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹரால்டு வாண்டர்பில்ட் 1925-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானாவுக்குப் போன ‘ஃபின்லாந்து’ கப்பலில் நண்பர்களோடு ஆடியபடியே இன்றைய கான்ட்ராக்ட் பிரிட்ஜின் புள்ளிக் கணக்கை வகுத்த கதை முதல் பக்கத்தில் இருந்தது. ஜெயித்தால் புள்ளி என்பதோடு நிற்காமல், எத்தனை பிடி எடுப்பேன் என்று முன்கூட்டியே ஏலத்தில் வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றினால்தான் பெரிய புள்ளி என்பது அவர் வலுப்படுத்திய விதி. வாண்டர்பில்ட் பாய்மரப் படகுப் போட்டியிலும் பெயர் பெற்றவர். 1930, 1934, 1937 ஆகிய மூன்று முறை அமெரிக்கா கோப்பையைக் காத்துக் கொடுத்தார். 1928-இல் தன் பெயரிலேயே பிரிட்ஜுக்கு ஒரு கோப்பையை நிறுவி, பின்னாளில் அதைத் தானே ஆடியும் வென்றார். “கோப்பையை வச்சவனும் க்யூவுல நின்னுதான் வாங்கணும்” என்று மாமா அந்தப் பக்கத்தைத் தட்டிச் சொல்வார்.

அடுத்த பக்கங்கள் முழுக்கப் பெர்முடாக் கோப்பை. 1950-இல் அட்லாண்டிக் பெருங்கடலின் அந்தச் சின்னத் தீவில் அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா என்று மூன்று அணிகள் மோதி, அமெரிக்கா வென்றது. உலக அணிப் பட்டம் என்றால் அன்று முதல் பெர்முடாதான். பிறகு வந்தார்கள் இத்தாலியர்கள். நீல அணி என்று உலகம் அழைத்த அந்தக் கூட்டம் 1957 முதல் 1975 வரை பதிமூன்று முறை பெர்முடாக் கோப்பையைத் தூக்கியது. இடையில் 1964, 1968, 1972 ஆகிய மூன்று பிரிட்ஜ் ஒலிம்பியாடுகளையும் வென்றது. அந்தப் பதினாறிலும் இருந்தவர் ஜார்ஜியோ பெல்லடோனா. ஃபோர்க்கே, கரோஸ்ஸோ, அவரெல்லி, பெல்லடோனா என்று மாமா பெயர்களை வரிசையாகச் சொல்லிக் கொடுக்க, எங்கள் தெருப் பையன்கள் கிரிக்கெட் அணியை ஒப்பிப்பதைவிட வேகமாக நான் ஒப்பிப்பேன். அந்த நீண்ட ஆட்சியை 1970-இலும் 1971-இலும் உடைத்தவர்கள் அமெரிக்காவின் டல்லாஸ் ஏஸஸ். ஐரா கார்ன் என்ற தொழிலதிபர் சம்பளம் கொடுத்து, முழுநேரப் பயிற்சி தந்து உருவாக்கிய அணி அது.

இன்ஸ்டிடியூட்டில் பெரிய சண்டை நடந்தது வேறொரு விஷயத்துக்காக. 1969-இல் தைவான் அணி யாரும் எதிர்பாராமல் பெர்முடாக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்தது. அடுத்த ஆண்டும் அப்படியே. அவர்கள் ஆடியது கப்பல் தொழிலதிபர் சி.சி. வேய் வகுத்த பிரிசிஷன் முறை. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணி, பதினாறும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு கிளாவர் என்று ஏலத்தைத் திறப்பது. பழைய ஆட்கள் தாங்கள் பழகிய கோரன் முறைப் புத்தகத்தை விட மறுத்தார்கள். இளையவர்கள் பிரிசிஷன் அட்டவணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அப்பா இரண்டையும் படித்தார். ஆசிய நாடு ஒன்று ஆசியரின் மூளையில் பிறந்த முறையோடு போய் உலகத்தின் இறுதியாட்டத்தில் உட்கார்ந்ததில் அவருக்கிருந்த பெருமையை, அந்த மாதம் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

1975-இன் தொடக்கத்தில் பெர்முடாக் கோப்பை தன் இருபத்தைந்தாம் ஆண்டுக்காகப் பிறந்த தீவுக்கே திரும்பியிருந்தது. இத்தாலியும் அமெரிக்காவும் இறுதியில் மோதிய செய்தி எங்களுக்கு வந்து சேர நாளாயிற்று. பத்திரிகை வந்த அன்று மாமா இன்ஸ்டிடியூட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்துத் தரையில் பாயை விரித்து, 92-ஆவது கையை அச்சில் இருந்தபடியே நாலு திசையிலும் பரப்பினார். மொத்தம் 96 கைகள். அமெரிக்கா முன்னிலையில் இருந்து, இத்தாலி மெல்ல மெல்ல முந்திக்கொண்டிருந்த நேரம். கரோஸ்ஸோவும் பெல்லடோனாவும் ஏழு கிளாவர் என்று ஏலம் கேட்டுவிட்டார்கள். பதிமூன்று பிடியும் எங்களுக்கே என்று கொடுத்த வாக்கு. ஆனால் துருப்பு ராஜா அவர்களிடம் இல்லை. அது சரியான கையில் இருக்க வேண்டும், துணைக்கு அதிகச் சீட்டும் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் எல்லாம் போயிற்று. ராஜா இருந்தது அமெரிக்கரான எடி கண்டரிடம். துணைக்குப் பத்து ஒன்றுதான். பெல்லடோனா பதிமூன்றையும் எடுத்தார். அடுத்த அறையில் அதே சீட்டோடு அமெரிக்கர்கள் துருப்பே இல்லாத ஆறு நோ டிரம்பில், ஒரு பிடி குறைந்த வாக்கோடு நின்றுவிட்டிருந்தார்கள். கடைசியில் இத்தாலி வென்றது வெறும் 26 புள்ளியில்.

பாயைச் சுற்றி அப்பாவும் மாமாவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: “ராஜா இல்லாமலேயே அவ்வளவு பெரிய வாக்குக் கொடுத்தாங்களா? ஒருத்தரை ஒருத்தர் அவ்வளவு நம்பினாங்களா?” அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். ஆட்டத்தின் மையத்தை அம்மா ஒரே கேள்வியில் தொட்டுவிட்டாள்.

அதே பத்திரிகையில் இன்னொரு செய்தியும் இருந்தது. அந்தப் போட்டியில் இத்தாலிய ஜோடி ஒன்று, ஃபக்கினியும் ஸுக்கெல்லியும், மேசைக்கடியில் காலால் சைகை செய்ததாகப் புகார் எழுந்து, நிர்வாகம் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தது. கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைத்து ஆடும் வழக்கம் பெர்முடாக் கோப்பையில் தொடங்கியதும் அந்த 1975-இல்தான். கால் சைகைக்குப் பிறகு மேசைக்கடியிலும் தடுப்பு வந்தது. மாமா அந்தப் பக்கத்தையும் வெட்டிப் பேரேட்டில் ஒட்டினார். “ஜெயிச்சதை மட்டும் ஒட்டினா அது பொய்க் கணக்கு” என்றார். பார்க்கலாம், பேசக்கூடாது என்று அப்பா சொன்ன விதியின் கனம் எனக்கு அன்றுதான் புரிந்தது. இந்த ஆட்டத்தில் கூட்டாளியிடம் பேசும் உரிமை ஏலத்துக்கும் விழும் சீட்டுக்கும் மட்டும்தான் உண்டு. புருவம், இருமல், பெருமூச்சு எதுவும் பேசக் கூடாது.

அம்மா அந்த வாரமே இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தாள். பணம் எங்கேயும் கண்ணில் படவில்லை என்று பாட்டியிடம் போய்ச் சாட்சி சொன்னாள். பிறகு இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் அப்பாவும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஏலம் பழக ஆரம்பித்தார்கள். மளிகைக் கணக்கை மனக்கணக்காகவே முடிக்கிற அம்மாவுக்கு, விழுந்த சீட்டுகளை நினைவில் நிறுத்துவது சிரமமாகவே இல்லை. துருப்பு எத்தனை வெளியே போயிருக்கிறது, இஸ்பேட் ராணி யாரிடம் தங்கியிருக்கிறது என்று அப்பாவுக்கு முன்னால் சொல்லிவிடுவாள்.

பெண்களுக்கும் ஓர் உலகக் கோப்பை வந்துவிட்டது என்பதை மாமாவின் பேரேடுதான் அம்மாவுக்கும் சொன்னது. 1974-இல் வெனிஸில் அமெரிக்கப் பெண்களும் இத்தாலியப் பெண்களும் ஆடிய அந்த முதல் வெனிஸ் கோப்பையை அமெரிக்கா வென்றது. அந்த அணியில் இருந்த டோரதி ஹைடன், 1965-இல் புவனோஸ் ஐரிஸில் ஆண்களோடு ஒரே மேசையில் பெர்முடாக் கோப்பையே ஆடியவர். வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி லண்டனுக்கு வந்த ரிக்ஸி மார்க்கஸ், உலக கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனதும் அதே 1974-இல்தான். அம்மா இந்த இரண்டு பெயர்களையும் என்னைப் படிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அடுத்த தை மாதப் போட்டியில் இன்ஸ்டிடியூட்டின் பச்சை மேசையில் அப்பாவுக்கு எதிரே அம்மா உட்கார்ந்தாள். சுங்குடிச் சேலை, கண்ணாடி வளையல்கள். வளையல் ஓசைகூடச் சைகை ஆகிவிடக் கூடாதென்று அவற்றைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டாள். அவர்கள் கோப்பை வாங்கவில்லை, நடுவாந்தரமாக வந்தார்கள். ஆனால் அந்த வருஷம் முடிவதற்குள் எங்கள் வரிசை வீடுகளில் இன்னும் சில பெண்கள் ஏலம் கற்றுக்கொண்டார்கள். மத்தியான நேரத்தில் எங்கள் கூடத்தில் மேசை ஏதும் இல்லாமல் பாயிலேயே டூப்ளிகேட் நடந்தது. அட்டைப்பெட்டியை வெட்டி நான் போர்டு செய்து கொடுத்தேன். அரிசிப் பானையில் சீட்டுக்கட்டை ஒளித்த பாட்டி, ஆடுகிறவர்களுக்குச் சுண்டல் தாளித்துக் கொடுத்தாள்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பர் கடைசியில் பெர்முடாக் கோப்பை சென்னைக்கே வந்தது. வெனிஸ் கோப்பையும் மூத்தோருக்கான டி’ஓர்சி கோப்பையும் சேர்ந்தே வந்தன. அப்பாவும் மாமாவும் அதைப் பார்க்க இல்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். பிரிட்ஜ் உலகமே அப்போது கலங்கிப்போயிருந்த நேரம். நார்வே வீரர் போயே புரோகலாண்ட் முன்னின்று, முதல்தர ஜோடிகள் சிலவற்றின் கள்ள ஆட்டத்தை வெளிக்கொண்டு வந்திருந்தார். இஸ்ரேல், ஜெர்மனி, மொனாக்கோ அணிகள் விலகிவிட்டன. அந்தக் கொந்தளிப்புக்கு நடுவில்தான் சென்னையில் ஆட்டம் நடந்தது. இறுதியில் சுவீடனை வீழ்த்தி, போலந்து தன் முதல் பெர்முடாக் கோப்பையை எடுத்துச் சென்றது. அந்த அணியின் மிஹாவ் க்ளுகோவ்ஸ்கிக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அவனுக்கு எதிரே கூட்டாளியாக உட்கார்ந்த பியோத்தர் காவ்ரிஷ் அறுபதை ஒட்டியவர். “தாத்தாவும் பேரனும் மாதிரி இருக்காங்க. ஆனா ஏலத்துல ரெண்டு பேரும் ஒரு வயசு” என்றாள் அம்மா.

மூன்று ஆண்டுக்குப் பிறகு, 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் முறையாகப் பிரிட்ஜ் சேர்க்கப்பட்டபோது, அறுபது வயது பிரணாப் பர்தனும் ஐம்பத்தாறு வயது சிப்நாத் சர்க்காரும் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள். அடுத்து 2023-இல் ஹாங்சௌவில் நம் ஆண்கள் அணி வெள்ளி வென்றது. நாட்டுக்குள் ரூயா கோப்பைக்கும் ஹோல்கர் கோப்பைக்கும் ஆண்டுதோறும் ஆடி வளர்ந்த தலைமுறைகளின் உழைப்பு அந்தப் பதக்கங்களில் இருக்கிறது. ஆனாலும் சீட்டு என்றதும் சூது என்று முகம் சுளிக்கிற வழக்கம் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. செல்பேசியில் பணம் கட்டி ஆடும் சீட்டு அந்தச் சுளிப்பை இன்னும் ஆழமாக்கிவிட்டது. பாட்டியின் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தை அவள் காசு புழங்கும் ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டாள். நாமும் அந்த வித்தியாசத்தைக் காண வேண்டும்.

வந்த சீட்டைக் குறை சொல்லாதே, அடுத்த அறையிலும் அதே சீட்டுதான், கூட்டாளியை நம்பு, கொடுத்த வாக்கைக் காப்பாற்று, கண்ணாலும் காலாலும் பேசாதே. ஒரு குழந்தைக்கு இவற்றை உபதேசமாகச் சொன்னால் காதில் ஏறாது. பச்சை மேசையில் எனக்கு ஏறியது. இன்றும் நம் ஊர்களில் பிரிட்ஜ் ஆடும் கிளப்புகள் இருக்கின்றன. ஆடுகிறவர்களில் பலருக்குத் தலை நரைத்துவிட்டது. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அடுத்த முறை கிளப்புக்குக் கிளம்பும்போது வீட்டிலிருக்கும் பேத்தியையோ பேரனையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பார்க்கலாம், பேசக்கூடாது என்று சொல்லுங்கள். மற்றதை அந்த ஆட்டம் சொல்லிக்கொடுக்கும்.